மேடை நடிப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், எதைக் குறைப்பது?

பிறை_நடிகன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதே நாடகம் பிடித்துக்கொண்டது. இப்போது எங்கள் குழு பட்டர்வொர்த், சுங்கைப்பட்டாணி, கூலிம், தைப்பிங் என்று சுற்றி நாடகம் போடுகிறது. கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி மண்டபம், எது கிடைக்கிறதோ அது. பல இடங்களில் மைக் ஒழுங்காக வேலை செய்யாது. பின்னால் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கடைசி வரிசைப் பாட்டிக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும். நான் நடிக்கக் கற்றது அப்படித்தான்.

அண்மையில் கோலாலம்பூரில் எடுத்த ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் முதல் தடவையாக நல்ல வேடம் கிடைத்தது. அப்பா மருத்துவமனையில் கிடக்கிறார், பல வருடம் பேசாமல் இருந்த மகன் வந்து மன்னிப்புக் கேட்கிறான். முதல் டேக் முடிந்ததும் இயக்குநர், "மேடை வாடை அடிக்குது தம்பி, பாதியா குறை" என்றார். குறைத்தேன். "இப்போ ஒண்ணுமே இல்லையே" என்றார். திரும்பத் திரும்ப எடுத்தும் சரியாக வரவில்லை. கடைசியில் கேமராவை என் முதுகுக்குப் பின்னால் வைத்து, அப்பாவாக நடித்தவர் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அது பெரிய வேதனை. அந்த மகன் யாரென்று எனக்குத் தெரியும். உள்ளே எல்லாம் இருந்தது.

என் கேள்விகள் இரண்டு. மேடையில் பழகியவன் கேமரா முன் எதைத்தான் குறைக்க வேண்டும்? அப்புறம், வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்கே வந்துவிடலாமா? 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் மந்திரவாதி கேண்டால்ஃபாக நடித்த ஆங்கில நடிகர் இயன் மெக்கெல்லன் லண்டனில் தொடங்கியவர் இல்லை, வெளியூர் அரங்குகளில் வளர்ந்தவர் என்று படித்தேன். அவர் எப்படி மாறினார் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


கிள்ளான்_ஒலிக்காரன்:

தம்பி, நான் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்பவன். மேடையிலிருந்து வருகிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள், நேரத்துக்கு வருவார்கள், எதிரில் நடிப்பவர் தடுமாறினால் தாங்கிப் பிடிப்பார்கள்.

ஒலிப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். உங்கள் தலைக்கு மேலே பூம் மைக் இருக்கிறது, சட்டைக்குள் இன்னொரு சின்ன மைக் இருக்கிறது. கட்டிலில் கிடப்பவருக்கும் உங்களுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அந்த ஒரு முழத்துக்குப் போதுமான குரல் போதும். குரலை இறக்கும்போது பலருக்கு மூச்சும் சேர்ந்து இறங்கிவிடும். வாக்கியத்தின் கடைசிச் சொல் காற்றாகிப் போகும், ஆளும் சோர்ந்ததுபோல் தெரிவார். மேடையில் எடுக்கிற அதே முழு மூச்சை எடுங்கள், சத்தத்தை மட்டும் குறையுங்கள். வீட்டில் கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், உடனே தெரியும்.

வேலையை விடுவது பற்றி: விடாதீர்கள். இங்கே தொடர் ஓடும்போது வேலை இருக்கும், முடிந்தால் அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பகுதி நேரமாகக் கார் ஓட்டிக்கொண்டு நடிக்கிற நல்ல நடிகர்களை எனக்குத் தெரியும்.


தைப்பிங்_ரசிகர்:

எனக்கு வேறு கருத்து. ஏன் குறைக்க வேண்டும்? சிவாஜி கணேசன் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' நாடகத்தில் நடித்துத்தான் பெரியாரிடம் அந்தப் பெயரையே வாங்கினார். 1952-இல் 'பராசக்தி'யில் நடிக்க வந்தபோது, ஆள் ஒல்லியாக இருக்கிறார், மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் விடாப்பிடியாக நின்றார். அந்த நீதிமன்றக் காட்சியில் எதைக் குறைத்தார்? 'வியட்நாம் வீடு', 'தங்கப்பதக்கம்' எல்லாம் மேடையில் போட்டுப் பிறகு படமானவைதான். அவர் குரலைக் கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் தோட்டத்தில் படம் போடும் இரவில் வேலைக் களைப்போடு வந்த ஆட்கள்கூட நின்றுகொண்டே பார்ப்பார்கள்.

உங்கள் இயக்குநருக்கு மேடை பிடிக்கவில்லை என்றால் சென்னைக்குப் போங்கள். அங்கே கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்தவர்களைக் கைநீட்டி வரவேற்றார்களே.


செந்தூல்_டீச்சர்:

பிறை தம்பிக்கு,

ஆறாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்தே என் வேலைக்காலம் போனது. ஷேக்ஸ்பியர் என்றாலே பிள்ளைகள் முகம் சுருங்கும். அப்போதெல்லாம் நான் நம்பியது மெக்கெல்லனைத்தான். அவர் பேசினால் பழைய ஆங்கிலம் பக்கத்து வீட்டுப் பேச்சுபோல் ஆகிவிடும். இப்போது ஓய்வில் இருக்கிறேன், கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்னத் தமிழ் நாடகக் குழுவுக்கு ஒத்திகை பார்க்கிறேன். அதனால் உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது. நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

அவர் கதையைச் சொல்கிறவர்கள், சின்ன ஊரில் தொடங்கி ஹாலிவுட்டுக்குப் போனார் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். முதல் மேடைச் சம்பளத்துக்கும் கேண்டால்ஃபுக்கும் நடுவில் 40 வருடம் இருக்கிறது. உங்களுக்குப் பயன்படுவது அந்த நடுப்பகுதிதான்.

அவர் நடிப்புப் பள்ளிக்கே போனதில்லை. வட இங்கிலாந்தில் விகனிலும் போல்டனிலும் வளர்ந்தவர். பள்ளி நாடகம், கேம்பிரிட்ஜில் மாணவர் நாடகம், அப்புறம் 1961-இல் நேராகக் கோவென்ட்ரி நகரத்து பெல்கிரேட் அரங்கம். போரில் குண்டு விழுந்து நொறுங்கிய ஊர் அது. மீண்டும் எழுப்பியபோது ஊரின் பொது அரங்கமாக ஒன்றைக் கட்டி 1958-இல் திறந்திருந்தார்கள். அங்கிருந்து இப்ஸ்விச், பிறகு நாட்டிங்காம். நாட்டிங்காமில் புது அரங்கம் 1963-இல் ஷேக்ஸ்பியரின் 'கோரியோலானஸ்' நாடகத்தோடு திறந்தபோது எதிரி ஆஃபிடியஸாக நின்றவர் இவர்தான்.

அந்தக் காலத்து வெளியூர் அரங்குகளில் வேலை எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு நிரந்தர நடிகர் கூட்டம் இருக்கும், எல்லோருக்கும் வாரச் சம்பளம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு புது நாடகம். ராத்திரி ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததற்கு ஒத்திகை பார்க்க வேண்டும். போன நாடகத்தில் கதாநாயகன், இந்த நாடகத்தில் கதவு திறக்கும் வேலைக்காரன். பார்ப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள். போன தடவை செய்த கைச்சாடையை இந்தத் தடவையும் செய்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் குழுக்களில் ஒரே நாடகத்தை ஒரு வருடம் சுமக்கிறோம், ஒரே ஆளுக்கு ஒரே மாதிரி வேடம். நம்மிடம் பணமில்லை என்பது உண்மைதான். ஆனால் மாதம் ஒரு சின்ன நாடகம், 20 நிமிடம், வேறு வேறு வேடம் என்று ஒத்திகை அறைக்குள்ளேயே செய்து பார்க்கப் பணம் தேவையில்லை. தம்பி, உங்கள் குழுவில் இதைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் முந்தின இரவு வசனம் கையில் கொடுத்துக் காலையில் நடிக்கச் சொல்லும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

1964-இல் லண்டன் மேடை, அடுத்த வருடம் ஓல்ட் விக்கில் தேசிய நாடகக் குழு, 1969-இல் எடின்பரோ விழாவில் இரண்டு அரசர் வேடங்கள். அதில் பெரும்பெயர் வந்தது. அவ்வளவு பெயர் வந்த பிறகு 1972-இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நடிகர் குழு தொடங்கினார். எல்லோருக்கும் ஒரே சம்பளம், நாயக வேடம் முறைவைத்து மாறும். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 1976-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ட்ரெவர் நன் இயக்கிய 'மெக்பெத்'. மெக்கெல்லனும் ஜூடி டென்ச்சும். பெரிய அரங்கம் பக்கத்திலேயே இருந்தும் அதை 'தி அதர் பிளேஸ்' என்ற தகரக் கொட்டகையில் போட்டார்கள். தரையில் ஒரு வட்டம். நடிகர்கள் தங்கள் முறை வரும்வரை வட்டத்தைச் சுற்றிப் பெட்டிகளில் உட்கார்ந்திருப்பார்கள். பார்வையாளர்கள் கைநீட்டினால் தொடும் தூரத்தில். அரசன், கொலை, சூனியக்காரிகள் எல்லாம் உள்ள நாடகத்தைக் கிசுகிசுக்கும் குரலில் நடித்தார்கள். பிறகு தேம்ஸ் தொலைக்காட்சிக்காக அதையே படமாக்கியபோது திரை முழுக்க முகங்கள்தான். கொலை செய்துவிட்டு வந்து நிற்கும் மெக்பெத்தின் கண்களைப் பாருங்கள். பெரிய மேடைகளில் சத்தமாகக் கொடுத்த அதே உக்கிரம் அங்கே இருக்கிறது, ஒரு துளி குறையவில்லை.

பெரிய மேடைக்கும் கேமராவுக்கும் நடுவில் அவர் நின்று பழகிய இடம் அந்தக் கொட்டகை என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் தேவை. பினாங்கில் ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் பினாங்பேக் என்ற நிகழ்கலை மையம் இருக்கிறது, அங்கே சின்ன அரங்கமும் உண்டு. இங்கே செந்தூல் பூங்காவில் பழைய ரயில்வே கட்டடத்தில் 2005 முதல் கேஎல்பேக் என்ற நிகழ்கலை மையம் இயங்குகிறது. (என் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். அந்த வளாகத்தில் நாடகம் நடக்கும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டார்.) கேஎல்பேக்கில் பெந்தாஸ் 2 என்ற சின்ன அரங்கில் எந்த மொழி நாடகமாக இருந்தாலும் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காருங்கள். பேசுபவரை விட்டுவிட்டு, பேசாமல் நிற்பவரைப் பாருங்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, தன் முறைக்காகக் காத்திருக்கிறாரா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கேமராவுக்கும் அது அப்படியே தெரியும்.

இன்னொன்று, ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்'. 1990-இல் தேசிய அரங்கில் மேடையேற்றி உலகம் சுற்றினார்கள். 1995-இல் ரிச்சர்ட் லாங்கிரெய்ன் இயக்கத்தில் படம். திரைக்கதையில் மெக்கெல்லனும் பங்கு. தொடக்கத்தில் வருகிற புகழ்பெற்ற நீண்ட தனிமொழியைப் படத்தில் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் பாதி, வெற்றி விருந்தில் ஒலிபெருக்கி முன் நின்று எல்லோருக்கும் கேட்கப் பேசுகிற பேச்சு. இரண்டாம் பாதி கழிப்பறையில். தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே வருகிறார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறார், அதே கண்ணாடியில் நம்மைக் கண்டுபிடித்துவிடுகிறார். திரும்பி நேராக நம்மிடம் பேசுகிறார். ஒரே ஆள், ஒரே கவிதை, ஒரே கெட்ட எண்ணம். யாரிடம் சொல்கிறார் என்பது மட்டும் மாறுகிறது, அதோடு உடம்பும் குரலும் தானாக மாறுகின்றன. என் மாணவர்களுக்கு இந்த ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

உங்கள் மருத்துவமனைக் காட்சியில் இயக்குநர் குறைக்கச் சொன்னதும் நீங்கள் உணர்ச்சியைக் குறைத்திருக்கிறீர்கள் என்று படுகிறது. கடைசி வரிசைப் பாட்டியை மனதில் வைத்துத்தானே நடித்துப் பழகினீர்கள்? அந்தப் பாட்டியைக் கொண்டுவந்து அப்பாவின் கட்டிலில், தலைமாட்டில் உட்காரவையுங்கள். அவருக்கே சொல்லுங்கள். புருவத்தை இவ்வளவு, கையை இவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தால் மனம் அளவிலேயே நிற்கும், அப்பாவை மறந்துவிடும்.

தைப்பிங் அண்ணனுக்கு மரியாதையோடு ஒரு வார்த்தை. சிவாஜியின் நடிப்பு அந்தக் காலத்து வசனத்துக்கும் கதைக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த நீதிமன்றமே ஒரு மேடைதான், அங்கே அவர் ஊரைப் பார்த்துத்தான் பேசுகிறார். கூத்துப்பட்டறையை நீங்கள் சொன்னது நல்லது. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கியது. தெருக்கூத்தின் உடல் பயிற்சியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள். அங்கிருந்து வந்த பசுபதியை 'விருமாண்டி'யில் கொத்தாளத் தேவராகப் பாருங்கள், பிறகு 'வெயில்' படத்தில் முருகேசனாகப் பாருங்கள். தோற்றுப்போன மனிதனாகச் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்து நிற்கும் இடங்களில் தோளும் கழுத்துமே பேசிவிடும். கூத்து ஆடிய உடம்பால்தான் அப்படி அடங்கி நிற்கவும் முடிகிறது. அங்கிருந்தே வந்த குரு சோமசுந்தரம் 2011-இல் 'ஆரண்ய காண்டம்' படத்தில் தெரிந்தார், 'ஜோக்கர்' 2016-இல்தான் வந்தது. அவர்கள் போனது சென்னையைத் தேடி அல்ல, பல வருடப் பயிற்சியைத் தேடி. தம்பி பயிற்சியில்லாமல் சென்னை போய் வரிசையில் நின்றால் என்ன கிடைக்கும்?

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு ஒலிக்காரர் சொன்னதே என் பதிலும். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 'அமேடியஸ்' நாடகத்தில் சாலியெரியாக நடித்து மெக்கெல்லன் 1981-இல் அமெரிக்காவின் டோனி நாடக விருது வாங்கினார். 1984-இல் அது படமானபோது அந்த வேடம் எஃப். முர்ரே ஏப்ரஹாமுக்குப் போனது. அவர் ஆஸ்கர் வாங்கினார். மெக்கெல்லன் மேடையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார். முதல் ஆஸ்கர் பரிந்துரை 1998-இல் வந்த 'காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' படத்துக்கு, கிட்டத்தட்ட அறுபது வயதில். கேண்டால்ஃப் திரைக்கு வந்தபோது வயது 62. திரை கூப்பிடாத வருடங்களிலும் அவருக்கு ஒவ்வொரு இரவும் செய்ய வேலை இருந்தது. உங்களுக்கும் பட்டர்வொர்த்தில் ஒரு குழு இருக்கிறது. அதைக் கைவிட்டுவிட்டு இங்கே வாடகை அறையில் தொலைபேசி மணிக்குக் காத்திருக்க வேண்டாம்.

80 வயதானபோது, 2019-இல், அவர் தனி ஒருவராக ஒரு நிகழ்ச்சியோடு பிரிட்டன் முழுக்க 80 அரங்குகளுக்குப் போனார். வசூல் அந்தந்த அரங்குகளின் தேவைகளுக்கே போனது. 2024-இல் ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் வேடத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது லண்டன் மேடையிலிருந்து தவறி விழுந்து அடிபட்டார், வயது 85. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வயதிலும் மேடையில் நின்றிருக்கிறாரே என்று மறுபக்கம் நெஞ்சு நிறைந்தும் இருந்தது.


தைப்பிங்_ரசிகர்:

டீச்சர் சொன்ன பசுபதி விஷயம் சரி. 'சார்பட்டா பரம்பரை'யில் ரங்கன் வாத்தியாராக அவர் சைக்கிளில் வரும்போதே ஆளின் கௌரவம் தெரிந்துவிடும். ஆனாலும் சிவாஜி கேமராவைப் பார்க்காமல் ஊரைப் பார்த்தார் என்பதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் இடங்களில் கன்னத்தையும் கண்ணையும் மட்டும் பாருங்கள் டீச்சர். அதுவும் குளோசப்தான்.


செந்தூல்_டீச்சர்:

அண்ணன் சொல்வது உண்மை. அந்தக் காட்சிகளை இன்றைக்கே திரும்பப் பார்க்கிறேன்.


பிறை_நடிகன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டியைத் தலைமாட்டில் உட்காரவைக்கச் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரியே கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தேன். குரல் இறங்கியது, ஆனால் மூச்சு விடும் இடம் மாறி வசனம் உடைகிறது. அதைப் பழக வேண்டும்.

இன்னொரு சந்தேகம். அந்த மன்னிப்புக் காட்சியைத்தான் முதல் நாள் காலையிலேயே எடுத்தார்கள். அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போகும் காட்சி அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள். மேடையில் அந்தச் சண்டையை நடித்து முடித்துவிட்டுத்தானே மன்னிப்புக்கு வருவோம். இதை எப்படிச் சமாளிப்பது?


கிள்ளான்_ஒலிக்காரன்:

இடம் எப்போது கிடைக்கிறதோ அந்த வரிசையில்தான் எடுப்பார்கள். மருத்துவமனை அறை காலையில் மட்டும் கிடைத்திருக்கும். உதவி இயக்குநரிடம் முந்தின நாளே எந்தெந்தக் காட்சி என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. கண்டினியூட்டி பார்க்கும் பெண்ணிடம் நட்பாக இருங்கள். எந்தக் கையில் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்தீர்கள் என்பது முதல் எல்லாம் அவர் குறிப்பில் இருக்கும்.


செந்தூல்_டீச்சர்:

தம்பி, முழுக் கதையையும் வாங்கிப் படியுங்கள், உங்கள் காட்சிகளை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். பிறகு ஒரு நோட்டில் அந்த மகனின் வாழ்க்கையை நடந்த வரிசையில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். சண்டையில் அப்பா என்ன சொன்னார், அன்றைக்கு என்ன சட்டை, வீட்டைவிட்டுப் போய் எந்த ஊரில் தங்கினான், அம்மா எத்தனை தடவை கூப்பிட்டார், அவன் ஏன் எடுக்கவில்லை. படத்தில் வராததையும் எழுதுங்கள். இன்னும் படமெடுக்காத அந்தச் சண்டையை, காட்சிக்கு முந்தின ராத்திரி ஒரு நண்பரை எதிரில் நிறுத்தி முழுக் குரலில், மேடையில் செய்வதுபோலவே நடித்துப் பாருங்கள். காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரும்போது அது உங்கள் உடம்பில் இருக்கும்.

எங்கள் குழு சனிக்கிழமை மதியங்களில் செந்தூலில் ஒத்திகை பார்க்கிறது. ஷிப்ட் இல்லாத வாரத்தில் பட்டர்வொர்த்திலிருந்து காலை ரயில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம். எங்களிடம் கேமரா வைத்திருக்கும் பிள்ளை ஒருவர் இருக்கிறார், குளோசப்பில் எடுத்து உடனே போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத வசனம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள், தனிமடலில் முகவரி அனுப்புகிறேன்.